காத்திருப்பும் கைங்கரியமே

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



 உங்களில் பலர் ஸேவைக்கான வரிசையில் நின்றுகொண்டே இம்மலரைப் புரட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஒரு நாழிகை நிற்கிறோம், கால் வலிக்கிறது, குழந்தை அழுகிறது, ஆயினும் திரை விலகும் என்று தெரியும், தீபாராதனை ஆகும் என்று தெரியும். ஆகையால் இந்தக் காத்திருப்பு நமக்குப் பெரிய பாரமாவதில்லை. ஆனால் எப்போது திரை விலகும் என்று தெரியாத காத்திருப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றியே அடியேன் இங்கு நான்கு வார்த்தை விண்ணப்பம் செய்ய விரும்புகிறேன். அதற்குக் காரணமும் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், ஓர் அம்மாள் தீர்த்தம் வாங்கிக்கொண்டு அப்பால் நகராமல் நின்றார். சனிக்கிழமைதோறும் தம் வீட்டுத் துளசியைத் தாமே தொடுத்துக் கொண்டுவந்து சமர்ப்பிப்பவர் அவர். "சுவாமி, என் பிள்ளை கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. ஒரு கடிதம் இல்லை. நான் கேட்பது பெருமாள் காதில் விழவில்லையா?" என்று கேட்டார். பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. "எல்லாம் அந்தந்தக் காலம் வந்தால் நடக்கும் அம்மா, பொறுமையாக இருங்கள்" என்று சொல்லி, சடாரி சாதித்து அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு திருக்காப்பு நீக்கித் திறந்த சந்நிதியை மீண்டும் திருக்காப்பிட்டு வீடு திரும்பும்போது, அந்த விடை அடியேனின் நெஞ்சை உறுத்திற்று. சரணாகதிக்கு அங்கங்கள் ஐந்து என்று பாடசாலையில் நெட்டுருச் செய்தவன் அடியேன். ஆநுகூல்ய ஸங்கல்பம், ப்ராதிகூல்ய வர்ஜனம், கார்ப்பண்யம், மஹாவிச்வாஸம், கோப்த்ருத்வ வரணம் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவற்றுள் மஹாவிச்வாஸமே, அதாவது 'அவன் காப்பான்' என்னும் அசையாத நம்பிக்கையே, கிட்டுவதற்கு அரியது என்று பெரியோர் சொல்வதையும் அறிவேன். ஆனால் ஏழு ஆண்டுகளாக வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அந்த மஹாவிச்வாஸத்தை எடுத்துச் சொல்ல அடியேனுக்கு வாய் வரவில்லை. கூட்டத்தை நகர்த்துவதற்காக ஒரு வார்த்தை சொன்னேனே தவிர, அது விடையன்று. அன்று சொல்லத் தவறியதை இன்று இம்மலரில் சொல்ல முயல்கிறேன்.

இதற்கு விடை தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. காவிரி கொள்ளிடக் கரைகளிலேயே நம் பூர்வாசாரியர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

நம் காட்டூர்ப் பக்கம் ஓடும் வாய்க்காலுக்கு உய்யக்கொண்டான் என்று பெயர். சோழப் பேரரசன் ராஜராஜனின் விருதுப்பெயர் அது. நம் ஆசாரிய பரம்பரையிலோ உய்யக்கொண்டார் என்றே ஒரு மஹான் விளங்கினார். திருவெள்ளறையில் அவதரித்து, ஸ்ரீமந் நாதமுனிகளின் திருவடியை ஆச்ரயித்தவர். 'உமக்கு யோகத்தின் ரஹஸ்யம் வேண்டுமா?' என்று ஆசாரியன் கேட்டபோது, உலகம் துன்பத்தில் கிடக்கத் தாம் மட்டும் தனியே ஆனந்தம் அநுபவிக்க மனம் ஒப்பாமல், உலகம் உய்யும் வழியையே வேண்டிப் பெற்றபடியால் அத்திருநாமம் வந்தது என்பர்.

நாதமுனிகள் அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். 'என் குலத்தில் ஈச்வரமுனிக்கு ஒரு குமாரன் பிறப்பான். இந்த அர்த்தங்களையெல்லாம் அவனிடம் சேர்ப்பிக்க வேண்டும்' என்பது ஆசாரியனின் நியமனம். உய்யக்கொண்டார் காத்திருந்தார். தம் ஆயுள் முடியும் தறுவாயிலும் அக்காரியம் நிறைவேறவில்லை. அவர் மனம் உடைந்தாரா? இல்லை. தம் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் அப்பொறுப்பைக் கைமாற்றி வைத்துவிட்டுப் பரமபதித்தார்.

மணக்கால் நம்பி அவதரித்த மணக்கால், நமக்கு அயலூர்தான். கொள்ளிடத்துக்கு அப்பால் லால்குடியை அடுத்திருக்கிறது. அவர் காலத்தில் அந்தக் குமாரரும் பிறந்தார், வளர்ந்தார், யமுனைத்துறைவர் என்று பெயர் பெற்றார். ஆனால் நடந்தது என்ன? இளம் பிராயத்திலேயே அரச சபையில் வாதில் வென்று, பாதி ராஜ்யத்தைப் பரிசாகப் பெற்று, ஆளவந்தார் என்னும் பட்டத்தோடு அரண்மனைக்குள் போய்விட்டார். ஏழை அந்தணராகிய நம்பிக்கு அரண்மனை வாசலில் நுழையவும் இடமில்லை. இரண்டு தலைமுறை காத்திருந்த காரியம், கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமற் போயிற்று.

நம்பி என்ன செய்தார் தெரியுமா? தூதுவளைக் கீரையைத் தேடிப் பறித்தார். முள் அடர்ந்த கொடி அது. பறிப்பவர் கையில் கீறாமல் விடாது. அதைக் கொண்டுபோய் மடைப்பள்ளியில் சமைப்பவரிடம் கொடுத்து, அரசரின் அமுதில் சேர்க்கும்படி வேண்டினார். மறுநாளும் கொண்டுபோனார். இப்படி ஆறு மாதம் நடந்தது என்று குருபரம்பரை பேசுகிறது. அரசர் அவரைப் பார்க்கவில்லை. கீரை எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கவில்லை. பிறகு நம்பி சில நாள் கீரை கொண்டுபோகவில்லை. அப்போதுதான் ஆளவந்தார், 'ஏன் இன்று தூதுவளை இல்லை?' என்று கேட்டார். 'ஒரு கிழப் பிராமணர் நாள்தோறும் கொண்டுவருவார். நாலு நாளாக அவர் வரவில்லை' என்றார்கள். 'வந்தால் நம்மிடம் அழைத்துவாருங்கள்' என்று கட்டளை பிறந்தது.

நம்பி வந்தார். பொன் கேட்கவில்லை, பூமி கேட்கவில்லை. 'உம் பாட்டனார் உமக்காகச் சேர்த்து வைத்த நிதி ஒன்று எம்மிடம் இருக்கிறது. அதை உம்மிடம் சேர்ப்பிக்கும்வரை எமக்குத் தடையின்றி வந்துபோக அநுமதி வேண்டும்' என்றார். ஸ்ரீ கீதையின் பதினெட்டு அத்தியாயங்களின் பொருளையும் முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அரசருடைய உள்ளம் கனிந்தது. முடிவில் அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ஏழு மதில்களுக்குள் பள்ளிகொண்ட பெரிய பெருமாளைக் காட்டி, 'இதுவே அந்நிதி' என்றார். ஆளவந்தார் ராஜ்யத்தைத் துறந்து ஸந்நியாஸியானார். அவர் வழியில்தான் நம் உடையவர் வந்தார். உடையவர் வழியில்தான் நீங்களும் நானும் இன்று இந்தச் சந்நிதியில் நிற்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம்பி காத்திருந்த ஆறு மாதமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததில்லை. வாசல் எப்போது திறக்கும் என்பது அவர் வசத்தில் இல்லை. கீரை பறிப்பது அவர் வசத்தில் இருந்தது. அதை விடாமல் செய்தார். நம் பக்கத்து உழவர்கள் இதை நன்கு அறிவர். மேட்டூரில் அணை எழுந்தது 1934-ஆம் ஆண்டில். ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பது வழக்கம் என்றாலும், தண்ணீர் குறைவான ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போகும். அதற்காக எந்த உழவரும் வரப்பில் படுத்து உறங்குவதில்லை. வாய்க்காலைத் தூர் வாருகிறார், கோடையுழவு போடுகிறார், வரப்பை அணைக்கிறார், விதைநெல்லைக் காயவைக்கிறார். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடுகிறவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். பொறுமை வேறு, சோம்பல் வேறு. பிள்ளையைத் தேட வேண்டிய இடங்களில் தேடுவதும், நோயாளியை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும், வழக்குக்குத் தக்க ஆவணம் சேர்ப்பதும் நம்பிக்கைக் குறைவல்ல. அவையெல்லாம் நாம் பறிக்கவேண்டிய தூதுவளை.

'நம்பிக்காவது ஆறு மாதத்தில் வாசல் திறந்தது, உய்யக்கொண்டாருக்குத் திறக்கவில்லையே? கண்ணால் காணாமலே போனாரே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காத்திருந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால், கிடைக்காமல் போனவர்களை நாம் கைவிட்டவர்கள் ஆவோம். ஆகவே இரண்டாவது வரலாற்றையும் விண்ணப்பிக்கிறேன்.

1323-ஆம் ஆண்டு தில்லிப் படை திருவரங்கத்தின் மேல் வந்தது. உத்ஸவ மூர்த்தியான அழகிய மணவாளனைக் காக்கவேண்டி, பிள்ளை உலகாரியர் அப்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தென்திசை நோக்கிப் புறப்பட்டார். அப்போது அவர் நூறு பிராயத்தையும் கடந்த முதியவர் என்று நம் பெரியோர் கூறுவர். மூலவரின் திருமுன்பு கல் திரை எழுப்பி மறைத்துவிட்டார்கள். உலகாரியர் காடும் மேடும் கடந்து, மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடி என்னும் சிற்றூரை அடைந்தார். இன்று கொடிக்குளம் என்று வழங்கும் ஊர் அது. அங்கேயே அவர் திருநாடு அலங்கரித்தார். பெருமாள் மீண்டும் திருவரங்கம் எழுந்தருளுவதை அவர் காணவில்லை.

அப்பெருமாள் அழகர் திருமலை, மலையாள தேசம், திருநாராயணபுரம், திருமலை என்று இடம் மாறி மாறி எழுந்தருளியிருந்தார். திருமலைக் கோயிலுக்குச் செல்பவர்கள் அங்குள்ள ரங்கநாயக மண்டபத்தை இன்றும் காணலாம். அரங்கன் அங்கு தங்கியிருந்ததை நினைவூட்டும் மண்டபம் அது. ஸ்வாமி வேதாந்த தேசிகனும் அரங்கத்தை விட்டு அகன்றிருந்த அந்நாட்களில்தான், அரங்கத்துக்கு நேர்ந்த அச்சம் நீங்கவேண்டும் என்று அபீதிஸ்தவம் என்னும் ஸ்தோத்ரத்தை அருளிச்செய்தார். கடைசியில் விஜயநகரத்துக் குமார கம்பணரின் ஆட்சியில், செஞ்சியில் இருந்த கோபணாரியர் பெருமாளைத் திருமலையிலிருந்து எழுந்தருளப் பண்ணி, 1371-ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்தார். சகாப்தம் 1293 என்று குறித்து இச்செய்தியைச் சொல்லும் வடமொழிச் சுலோகங்கள் திருவரங்கக் கோயில் மதிலில் பொறிக்கப்பட்டுள்ளன.

1323 முதல் 1371 வரை, நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை பேரன் பேத்தி எடுத்துவிட்ட காலம். அழகிய மணவாளனை ஒருமுறையும் கண்ணால் காணாமலே பிறந்து வளர்ந்து மறைந்தவர்கள் அரங்கத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்!

பெருமாள் திரும்பி வந்தபோது ஒரு சங்கடம் எழுந்தது என்கிறது கோயிலொழுகு. இடைக்காலத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளப் பண்ணி ஆராதித்து வந்தார்கள். இப்போது இரண்டு மூர்த்திகள் இருந்தன. 'பழைய பெருமாள் இவர்தாம்' என்று உறுதி கூறவல்ல பெரியவர் ஒருவரும் ஊரில் இல்லை. ஏடு கற்றவர்களாலும் சொல்ல முடியவில்லை. அப்போது பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுக்கும் கைங்கரியத்தில் இருந்த ஈரங்கொல்லி ஒருவர் அகப்பட்டார். தள்ளாத முதுமை, கண் பார்வையும் போய்விட்டது. 'எனக்குக் கண் தெரியாது. இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை எனக்குக் கொடுங்கள்' என்றார் அவர். கொடுத்தார்கள். ஒன்றைப் பருகியவுடன் அந்தப் பழைய கஸ்தூரி மணத்தை உணர்ந்து, 'இவரே நம்பெருமாள்!' என்று கூவினார். அன்று முதல் அழகிய மணவாளனுக்கு நம்பெருமாள் என்பதே திருநாமம் ஆயிற்று. இடையில் ஆராதிக்கப்பட்ட மூர்த்தியையும் தள்ளிவிடாமல், திருவரங்க மாளிகையார் என்று அங்கேயே எழுந்தருளச் செய்தார்கள்.

அன்பர்களே! இந்த வரலாற்றை அடியேன் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த அம்மாளுக்கு விடை சொல்லத் தவறிய பிறகுதான் இதன் பொருள் அடியேனுக்குச் சற்றே விளங்கிற்று. அந்த ஈரங்கொல்லி இத்தனை ஆண்டுகளும் எதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்? பெருமாள் அவர் எதிரில் இல்லை. உத்ஸவம் இல்லை. வெளுப்பதற்குத் திருப்பரிவட்டமும் இல்லை. தாம் செய்த சிறு கைங்கரியத்தின் நினைவு ஒன்றே அவரிடம் இருந்தது. கண் போன பிறகும் அந்நினைவு போகவில்லை. ஊர் முழுவதற்கும் பெருமாளை அடையாளம் காட்டிக் கொடுத்தது அந்த நினைவேயன்றோ?

உலகாரியர் காணாமற் போனார், உண்மைதான். ஆனால் அவர் பெருமாளைத் தாங்கிக்கொண்டு நடந்திராவிட்டால் 1371-இல் திரும்பி வருவதற்குப் பெருமாளே இல்லை. உய்யக்கொண்டார் காணாமற் போனார். ஆனால் அவர் பொறுப்பைக் கைமாற்றியிராவிட்டால் கீரை பறிக்க ஒரு நம்பி இல்லை. அவர்களுடைய காத்திருப்பு வீணாகவில்லை. ஒருவருடைய காத்திருப்பு மற்றொருவருடைய கையில் பலன் கொடுத்தது, அவ்வளவே.

இன்னும் ஒன்று. நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அடியார்கள் மட்டும்தாமா? பெருமாளும் அல்லவோ காத்திருந்தார்! ஸர்வசக்தனான எம்பெருமான் நினைத்திருந்தால் அரை நொடியில் அரங்கம் திரும்பியிருக்கலாம். அவனோ அடியார்களின் தோளில் ஏறி, அவர்கள் போன காட்டுக்கெல்லாம் தானும் போனான். அவர்கள் தங்கிய மரத்தடியில் தானும் தங்கினான்.

இது அவனுக்குப் புதிதும் அன்று. ஸ்ரீ ராமாயணத்தில் ஸுக்ரீவனுக்கு முடிசூட்டிய பின் மழைக்காலம் வந்தது. ஸேனை புறப்பட இயலாது. சக்கரவர்த்தித் திருமகன் ப்ரஸ்ரவண மலையின் குகையில், இளைய பெருமாளோடு மழைக்காலம் முழுவதும் தங்கினான். பிராட்டி எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாத காலம் அது. மேகத்தைப் பார்த்தான், கலங்கினான், கண்ணீர் விட்டான், ஆனாலும் பொறுத்திருந்தான். மழை ஓய்ந்தபின் ஸுக்ரீவன் வாக்கை மறந்து தாமதித்தபோது, சும்மா இருந்துவிடாமல் இளைய பெருமாளை அனுப்பிக் கேட்கவும் கேட்டான். பொறுக்க வேண்டிய நேரத்தில் பொறுத்தான். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டான். காத்திருப்பின் வேதனை என்னவென்று அறியாத தெய்வம் அன்று நம் தெய்வம்.

ஆகையால் 'பெருமாளே, இன்னும் ஏன்?' என்று கேட்பது அபசாரம் என்று யாரும் அஞ்சவேண்டா. ஆழ்வார்களைப் பாருங்கள். பிரிவு தாங்காமல் கதறியவர்கள் அவர்கள், எம்பெருமானோடு ஊடியவர்கள், பறவைகளைத் தூது விட்டவர்கள். இதற்கு நம் பெரியோர் த்வரை என்று பெயர் வைத்து, பக்தி முதிர்ந்ததன் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். அவனிடம் முறையிடுவது நம்பிக்கை இன்மை ஆகாது. அவனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதே நம்பிக்கை இன்மை. முறையிடுகிறவர், கேட்பவன் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று நம்புவதால்தானே முறையிடுகிறார்? அன்று அந்த அம்மாள் கேட்ட கேள்வியே ஒரு மஹாவிச்வாஸம் என்று அடியேனுக்கு அப்போது தெரியாமற் போயிற்று.

இந்த உத்ஸவத்துக்கு வந்திருக்கும் உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு காத்திருப்பு இருக்கும். பெண்ணுக்கு வரன் அமையவேண்டும் என்று சிலர். மடியில் ஒரு குழந்தை வேண்டும் என்று சிலர். படுக்கையில் கிடப்பவர் எழுந்திருக்க வேண்டும் என்று சிலர். வேலை, கடன், வழக்கு என்று வேறு சிலர். உங்களுக்கு இன்ன நாளில் கைகூடும் என்று தேதி குறித்துச் சொல்ல அடியேன் வல்லேன் அல்லேன். ஆனால் ஒன்றை மட்டும் விண்ணப்பிக்கிறேன். ஏதேனும் ஒரு சிறு கைங்கரியத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்குக்கு எண்ணெய், ஒரு முழம் பூ, சந்நிதியில் ஒரு கோலம், பசித்த ஒருவருக்கு ஒரு பிடி அன்னம், துன்பத்தில் இருக்கும் அண்டை வீட்டாருக்கு ஒரு நாழிகைத் துணை, எதுவாயினும் சரி. அதை விடாமல் செய்யுங்கள். அது பெருமாளுக்குக் கொடுக்கும் கைக்கூலி அன்று. நம் கை அவனை மறந்துவிடாமல் இருப்பதற்காக. திரை விலகும் நாளில் அவனை அடையாளம் கண்டுகொள்ளும் கையும் நாவும் நமக்கு வேண்டுமல்லவா?

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடியேன் சொன்ன அரைகுறை விடையைக் கேட்டுவிட்டுப் போனவர், அடுத்த சனிக்கிழமையும் வந்தார். கையில் அதே துளசி. அதற்கடுத்த வாரமும் வந்தார். இன்றும் வருகிறார். இம்மலர் அச்சேறும் இந்நாள்வரை அவருடைய பிள்ளை திரும்பவில்லை. முன்பெல்லாம் அந்தத் துளசியைப் பத்தோடு பதினொன்றாக வாங்கி வைப்பேன். இப்போது அதை வாங்கும்போதெல்லாம் மணக்கால் நம்பியின் தூதுவளைதான் நினைவுக்கு வருகிறது. தனியே எடுத்து வைத்துப் பெருமாளின் திருவடியில் முதலில் சாற்றுகிறேன். 'இதைக் கொண்டுவந்தவர் யார் என்று ஒருநாள் நீரே கேட்டருள வேண்டும்' என்று மனத்துக்குள் விண்ணப்பமும் செய்கிறேன்.

உத்ஸவத்தில் பெருமாளை ஸேவிக்கும்போது உங்கள் விண்ணப்பத்தோடு அவருடைய விண்ணப்பத்தையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லுங்கள். தனியே காத்திருப்பது கடினம். கூடிக் காத்திருந்தால் பாரம் குறையும். அதற்காகத்தானே பெரியோர் உத்ஸவம் என்று ஒன்றை ஏற்படுத்தி, நம்மையெல்லாம் ஒரே வரிசையில் நிற்கவைத்தார்கள்!

ஸர்வ மங்களமும் உண்டாகுக.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்